சருகிலிருந்து எறும்பும் மண் சிற்றுயிரும் பிரியாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இலைச்சருகிலிருந்து எறும்புகளையும் பிற மண் சிற்றுயிர்களையும் பிரித்தெடுக்கும் கருவிகள் பார்வைக்கு வேறுபட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றுதான். சருகு மேலிருந்து கீழாக மெல்லக் காய்கிறது. ஈரத்தை விட்டு வாழ முடியாத உயிர்கள் காயாத பகுதியைத் தேடி இறங்குகின்றன. இறங்கும் வழி முடியும் இடத்தில் ஆல்கஹால் உள்ள குடுவைக்குள் விழுகின்றன. இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே 1905-இல் வெந்நீர் உறையிட்ட புனலைக் கொண்டு இதைச் செய்தார். 1918-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் துல்கிரேன் வெந்நீரின் இடத்தில் மின்விளக்கை வைத்தார். மின்சாரம் வேண்டாத விங்க்ளர் பையிலோ, சலித்த சருகை வலைப்பைகளில் நிரப்பி, அவற்றை ஒரு துணிப்பைக்குள் தொங்கவிட்டு, அறையின் காற்றிலேயே காய விடுகிறோம். எந்தக் கருவியானாலும் உயிர் தன் காலால் நடந்துதான் வெளியேற வேண்டும். ஆகவே குடுவையில் குறை தெரிந்தால், அந்த நடை எங்கே தடைப்பட்டது என்று தேட வேண்டும்.

அதற்கான விடை பெரும்பாலும் குடுவையில் இராது, புனலில் எஞ்சிய சருகில் இருக்கும். பலரும் அந்தச் சருகை உடனே குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், மேலடுக்கிலிருந்து ஒரு கைப்பிடியும் அடியிலிருந்து ஒரு கைப்பிடியும் தனித்தனியே எடுத்து, வெள்ளைத் தாள் விரித்த முறத்தில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கால்களை மடக்கிச் சுருண்ட எறும்புகளும் உப்புக்கல் போலச் சிதறிக் கிடக்கும் சிற்றுண்ணிகளும் தென்பட்டால், உயிர்கள் இருந்தன, ஆனால் வெளியேறுமுன் இறந்துவிட்டன என்று பொருள். இன்னும் உயிரோடு ஓடுபவை இருந்தால் சருகு காயவில்லை. இரண்டும் இல்லையென்றால் குறை பெரும்பாலும் சருகு எடுத்த இடத்திலோ காலத்திலோ இருக்கிறது. இதைப் பார்க்காமல் பல்பை மாற்றுவதும் வலையை மாற்றுவதுமாக ஊகத்தில் இறங்கினால், அடுத்த மாதிரியில் உள்ள உயிர்களும் பயனின்றிச் சாகும். நாம் இவற்றைக் கொன்றுதான் சேகரிக்கிறோம் என்பதால், அந்த வீணடிப்பைத் தவிர்ப்பது நம் கடமை என்று கருதுகிறேன்.

குடுவை காலி, எஞ்சிய சருகில் இறந்த உயிர்கள் உள்ளன

இறந்தவை மேலடுக்கில் மட்டும் மிகுந்திருந்தால் வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது. 60 வாட் குண்டு பல்பைச் சருகுக்கு நெருக்கமாகத் தொங்கவிட்டால் மேலடுக்கு சில மணி நேரத்திலேயே முறுகிவிடும். எறும்பு விரைந்து ஓடித் தப்பலாம்; மெல்ல நகரும் சிற்றுண்ணிகளும், துள்ளிக் குதிக்கும் மென்தோல் சிற்றுயிர்களான கொலம்போலாக்களும், வண்டுகளின் இளம்புழுக்களும் ஈரம் பின்வாங்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்ற இடத்திலேயே காய்ந்துவிடும். குடுவையில் எறும்புகள் ஓரளவு விழுந்திருந்து மற்றவை ஏறக்குறைய இல்லாமல் இருந்தாலும் காரணம் இதுவே. முதல் நாள் 15 வாட் பல்பையும் (ஜீரோ வாட் என்று விற்கப்பட்ட பழைய சிறு பல்பு உண்மையில் ஏறத்தாழ இவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்வதுதான்), இரண்டாம் நாள் 25 வாட்டையும், அதன்பின் 40 வாட்டையும் பயன்படுத்தி, பல்புக்கும் சருகுக்கும் இடையே ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி விட்டால், சருகு மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் காயும். காய்ந்த சருகும் அடியில் ஆல்கஹாலும் இருக்கும் கருவி என்பதால், தீயைத் தவிர்க்கவும் இந்த இடைவெளி வேண்டும்.

இறந்தவை மேலிருந்து அடிவரை ஒரே அளவில் பரவியிருந்தால், அவை புனலுக்கு வருமுன்பே இறந்தவை. சென்னை வெயிலில் பாலித்தீன் பையில் கட்டிய சருகை ஸ்கூட்டர் டிக்கியிலோ நிறுத்திய காரிலோ அரைமணி நேரம் வைத்தாலே போதும். சருகைக் காடாத் துணிப்பையில் கட்டி, அந்தப் பையைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, நிழலிலேயே கொண்டுவந்து, அன்றைய தினமே புனலில் இட வேண்டும். இரவு முழுவதும் பையில் கிடந்தால் வெப்பம் கொல்லாதவற்றைப் பூரானும் வேட்டையாடும் எறும்புகளும் தின்றுவிடும். பெரிய பூரான் ஒன்று கண்ணில் பட்டால் அதை இடுக்கியால் எடுத்துத் தனிக் குப்பியில் இடுவது நல்லது.

இறந்தவை அடியடுக்கில் மட்டும் குவிந்திருந்தால் புனலின் கழுத்தைப் பாருங்கள். குடுவையும் புனலும் காற்றுப் புகாதபடி டேப் சுற்றி ஒட்டப்பட்டிருக்குமானால், ஆல்கஹால் ஆவி மேலேறி, இறங்கி வரும் உயிர்களை வாசலிலேயே தடுக்கக்கூடும். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணியைத் தளர்வாகக் கட்டினால் ஆவியும் வெளியேறும், அந்நியப் பூச்சிகளும் நுழையா.

குடுவை காலி, சருகு இன்னும் ஈரமாகவே இருக்கிறது

இந்த அறிகுறி இப்போது அதிகம் காணப்படுவதற்கு எல்.இ.டி. பல்பு ஒரு முக்கியக் காரணம். பழைய கையேடுகள் "பல்பு" என்று மட்டும் சொல்லும்; அவை எழுதப்பட்ட காலத்தில் பல்பு என்றாலே சூடு தருவது. 9 வாட் எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தைக் கீழே அனுப்பினாலும் தன் சிறிதளவு சூட்டை அடிப்பகுதி வழியாகவே வெளியேற்றுவதால், அது இருளை விரட்டுமே தவிரச் சருகைக் காயவைக்காது. பல்பை அணைத்த உடனே சருகின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் குண்டு பல்பை வாங்கிப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

விங்க்ளர் பையில் சிக்கல் வேறு. வழக்கமான கால அளவு 48 மணி நேரம். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சன்னலோரம் உலர்த்திய துணியே இரண்டு நாளாகியும் ஈரம் போகாமல் இருக்கும் நிலையில், அதே 48 மணி நேரத்தில் சருகு காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. கடிகாரத்தை நம்பாமல் இலையை நம்ப வேண்டும்: வலைப்பையின் நடுவிலிருந்து ஓர் இலையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் அது சத்தத்தோடு பொடிந்தால் காய்ந்தது, துணிபோல மடங்கினால் காயவில்லை. மடங்கும் நிலையில் 72 மணி நேரமோ அதற்கு மேலோ தொங்கவிடலாம். அறையின் மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுவது உதவும், ஆனால் பை ஆடக் கூடாது. இடையில் ஒருமுறை சருகை ஒரு தட்டில் கொட்டிக் கலந்து மீண்டும் வலைப்பையில் நிரப்பினால், நடுவே அசையாமல் பதுங்கியிருந்தவையும் கிளம்பி வெளியே வருவதைக் காணலாம். தட்டில் ஓடுபவற்றைத் தப்பவிடாமல் பிடிக்க இன்னொருவர் அருகில் இருப்பது நல்லது. கால அளவை நீட்டியதையும் கலந்ததையும் குறிப்பேட்டில் எழுதாவிட்டால், 48 மணி நேரத்தில் எடுத்த பிற மாதிரிகளோடு இதை ஒப்பிட முடியாது.

வலைப்பையையோ புனலையோ வாய்வரை திணித்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஒரு மாதிரியை இரண்டு பைகளில் பிரித்துவிடுங்கள்.

குடுவையும் காலி, எஞ்சிய சருகும் காலி

இங்கே கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சென்னைத் தரை காய்ந்து கிடக்கும்போது சிற்றுயிர்கள் சருகை விட்டு மண்ணின் அடியடுக்குகளுக்கும் வேர்களின் இடுக்குகளுக்கும் இறங்கிவிடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வப்போது பெய்யும் மாலை இடிமழைக்குப் பின்னும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையின் இடைவெளிகளிலும் அவை மேலே வருகின்றன. ஆனால் மழை நின்ற உடனே எடுக்கக் கூடாது. சொட்டச் சொட்ட நனைந்த சருகு சல்லடையில் களியாக அப்பிக்கொள்ளும். இலைகளின் மேற்புறம் காய்ந்து அடிப்புறம் ஈரமாக இருக்கும் நாளே சரியான நாள்.

இடமும் அதேபோல முக்கியம். நாள்தோறும் பெருக்கப்படும் பூங்காவில் தரையில் கிடப்பது நேற்று விழுந்த இலை. அதற்குக் கீழே மட்கு இல்லை, ஆகவே குடியும் இல்லை. சருகைக் கையால் விலக்கும்போது மேலே முழு இலை, அதன்கீழ் கிழிந்த இலை, அதன்கீழ் இலையென்று அடையாளம் காண முடியாத கருத்த பொடி என அடுக்குகள் தெரிய வேண்டும். ஆலமரத்தின் வேரிடுக்கு, யாரும் போகாத சுற்றுச்சுவரின் ஓரம், பெருக்குபவர்களின் துடைப்பம் எட்டாத புதரடி ஆகியவை நகருக்குள்ளேயே நல்ல இடங்கள். அடையாற்றில் பிரம்மஞான சபையின் வளாகத்திலும் கிண்டியை ஒட்டிய பெரிய கல்வி வளாகங்களிலும் இத்தகைய மூலைகள் இருக்கின்றன. நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். 1978-இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவிலும், நன்மங்கலம் போன்ற காப்புக் காடுகளிலும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடிச் சருகுகூட எடுக்கக் கூடாது.

அடுக்குகள் சரியாக இருந்தும் எறும்பு இல்லையென்றால், சலிக்கும் முறையைக் கவனியுங்கள். மிகச் சிறிய எறும்புகள் பல, சருகுக்குள் கிடக்கும் உள்ளீடற்ற குச்சிகளிலும் மட்கிய கட்டைத் துண்டுகளிலும் பழைய காய்த்தோல்களிலும் கூடு கட்டுகின்றன. ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அந்தக் குச்சிகள் மேலேயே தங்கி, கூட்டோடு தூக்கி எறியப்படுகின்றன. சலிப்பதற்கு முன் குச்சிகளை ஒடித்து, கட்டைகளைச் சல்லடையின் மேலேயே பிளந்து உதற வேண்டும். இந்த வேலைக்குக் கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். சருகடியில் தேள் மட்டுமன்றிச் சுருட்டை விரியனும் இருக்கக்கூடும். ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் இருக்கும் நோய் என்பதால், முழுக்கைச் சட்டை அணிந்து, வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்ற வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களில் காய்ச்சல் வந்தால் சருகில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடுவை முழுக்க மண்ணும் துகளும்

சருகைப் புனலில் இடும்போதே குடுவையை அடியில் பொருத்தியிருப்பதுதான் வழக்கமான காரணம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்துச் சருகை இட்டு, உதிர்வதெல்லாம் உதிர்ந்து அடங்கியபின், தாளில் விழுந்ததை மெல்லச் சருகின் மேலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு குடுவையைப் பொருத்த வேண்டும். அதன்பின் புனலைத் தொடவோ நகர்த்தவோ கூடாது.

சென்னையில் மரத்தைப் பொறுத்தும் இச்சிக்கல் மாறும். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் விரல்நகம் அளவே இருப்பதால் ஒரு சென்டிமீட்டர் வலையில் நேராக நழுவி விழும். சவுக்கின் ஊசிகள் செங்குத்தாகத் திரும்பி ஒவ்வொன்றாக இறங்கும். பூவரசு, பாதாம் போன்ற அகன்ற இலைச் சருகில் இத்தொல்லை இல்லை. சிற்றிலைச் சருகுக்கு வலையின் மேல் நான்கைந்து அகன்ற காய்ந்த இலைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, அதன்மேல் சருகை இட்டால் துகள் தங்கும், உயிர்கள் இலைகளின் ஓரமாக இறங்கும். கண் மிகச் சிறிய கொசுவலையைப் பயன்படுத்தித் துகளைத் தடுக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குடுவையைத் தூய்மையாக வைக்கும், ஆனால் பெரிய எறும்புகளையும் வண்டுகளையும் மரவட்டைகளையும் உள்ளேயே பூட்டிவிடும்.

புனலின் உட்சுவரில் உயிர்கள் ஒட்டி இறந்திருக்கின்றன

சருகிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த சுவரில் துளியாகப் படிகிறது; சிற்றுண்ணிக்கும் கொலம்போலாவுக்கும் ஒரு நீர்த்துளியே மீளமுடியாத பொறி. சருகு சுவரைத் தொடாதபடி வலையைப் புனலின் விளிம்பைவிடச் சற்றுச் சிறிய வட்டமாக வெட்டிச் சுற்றிலும் விரலளவு காற்றிடைவெளி விட வேண்டும். குளிரூட்டிய அறையில் புனலை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். சுவர் சொரசொரப்பாக இருந்தால் வழுவழுப்பான தாளைச் சுருட்டி உட்புறம் செருகலாம்.

ஒரே எறும்பு இனம் நூற்றுக்கணக்கில்

கூட்டின் மேலேயோ இரைதேடும் பாதையின் மேலேயோ மாதிரி எடுத்திருக்கிறீர்கள். இது தவறன்று, எண்ணிக்கையைப் படிக்கும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். எறும்புகள் கூட்டமாக வாழ்வதால் ஒரு மாதிரியில் எத்தனை எறும்பு என்பதைவிட, எத்தனை மாதிரிகளில் அந்த இனம் இருந்தது என்பதே பொருளுள்ள அளவு. அதனால்தான் சருகெறும்புகளுக்கான பன்னாட்டு நெறிமுறை 200 மீட்டர் கோட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக, ஒரு சதுர மீட்டர் அளவில் 20 மாதிரிகளைக் கேட்கிறது. நகரின் சிறு தோட்டத்தில் 200 மீட்டர் கிடைக்காது; இருக்கும் இடத்தில் இயன்ற அளவு விலகிய புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, இடைவெளியை எழுதிவையுங்கள். எல்லாப் புள்ளிகளிலும் மஞ்சள் நிற நீள்கால் எறும்பான அனோப்ளோலெபிஸ் கிராசிலிப்பெஸ் மட்டுமே வந்தால், அதுவே அந்த இடத்தைப் பற்றிய செய்தி. பிற இடங்களில் குடியேறி உள்ளூர் எறும்புகளை விரட்டுவதில் பெயர்பெற்றது அது.

குடுவையில் வீட்டு எறும்புகளும் கொசுக்களும்

பெரும்பாலும் எறும்பு வாடையே இல்லாத மாதிரியில் திடீரென ஒரே வகைச் சிற்றெறும்பு வரிசையாக விழுந்திருந்தால், அது சருகிலிருந்து வந்ததா சுவரிலிருந்து வந்ததா என்று ஐயப்பட வேண்டும். டாபினோமா மெலனோசெஃபாலம் என்னும் எறும்பைச் சென்னைச் சமையலறைகளில் எளிதாகக் காணலாம்: தலை கருமையாகவும் வயிறும் கால்களும் பால்நிறமாகவும் இருப்பதால், வெள்ளைத் தட்டில் தலைகள் மட்டும் நகர்வதுபோலத் தோன்றும். அது சருகிலும் வாழக்கூடியது என்பதால் இனத்தை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. சருகு இடாத வெறும் புனலை, அதே பல்பும் அதே ஆல்கஹாலுமாக, ஓர் இரவு இயக்கிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தடுப்பதற்கு நம் வீடுகளில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்யும் ஏற்பாடே போதும்: தாங்கியின் ஒவ்வொரு காலையும் நீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்தி, நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விடுங்கள். கொசுவும் ஈசலும் வெளிச்சத்துக்கு வருபவை. புனலின் வாயைப் பல்போடு சேர்த்து மெல்லிய துணியால் மூடும்போது துணி பல்பில் படாமல் கம்பி வளையம் வைக்க வேண்டும்.

குழிப்பொறியில் மட்டும் சிக்கல்

சருகோடு சேர்த்துக் குழிப்பொறியும் (நடந்து வரும் உயிர்கள் விழும்படி மண்ணில் புதைத்த, நீருள்ள குவளை) வைப்பவர்களுக்கு மூன்று குறைகள் அடிக்கடி நேர்கின்றன. எறும்புகள் பொறியைச் சுற்றிப் போகின்றன, விழவில்லை என்றால் குவளையின் விளிம்பு மண்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. விளிம்பில் விரலை ஓட்டினால் தடங்கலின்றி மண்ணுக்குப் போக வேண்டும். விழுந்தவை நீர்ப்பரப்பில் நடந்து ஏறிப் போய்விடுகின்றன என்றால் சோப்புத் திரவம் சேர்க்கவில்லை. மழையில் நிரம்பி வழிந்தால் மேலே தட்டு ஒன்றை மூன்று கற்களின் மீது கவிழ்த்து வையுங்கள். பெருச்சாளி தோண்டி எடுப்பதையும், அரணையும் தவளையும் விழுந்து சாவதையும் தடுக்க, ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையை வாயின் மேல் ஆணியடித்துப் பதிக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் குழிப்பொறி வைக்காமல் இருப்பதே நல்லது.

சில உயிர்கள் ஒருபோதும் வருவதில்லை

மண்புழுவும் நத்தையும் சருகு காய்வதற்கு அஞ்சி நடந்து வெளியேறுபவை அல்ல; அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். நூற்புழுக்கள் நீரில் நீந்துபவை ஆதலால் அவற்றுக்கு 1917-இல் பேர்மன் வகுத்த ஈரப்புனல் முறை வேண்டும்: துணியில் கட்டிய மண்ணை நீர் நிரப்பிய புனலில் அமிழ்த்தினால் அவை நீரில் இறங்கி அடிக்குழாயில் சேரும்.

சேகரித்தவை கெடுகின்றன

கொலம்போலாக்களின் மேல்தோல் நீரை ஒட்டவிடாது. அவை ஆல்கஹாலின் மேலேயே மிதந்து காய்ந்து சுருங்கும். ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் மூழ்கும். எத்தனால் தனிநபருக்கு எளிதில் கிடைக்காத நிலையில், மருந்துக் கடைகளிலும் வேதிப்பொருள் கடைகளிலும் விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை 70 விழுக்காடு வருமாறு நீர் சேர்த்துப் பயன்படுத்தலாம். உருவத்தைப் பார்த்து இனங்காண அது போதும், மரபணு ஆய்வுக்கு 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலே வேண்டும். நீர் சேர்த்ததும் பால்போலக் கலங்கும் ஸ்பிரிட்டும், கைகழுவும் சானிடைசர் கூழும் ஆகா.

விங்க்ளர் பையின் அடியிலுள்ள குடுவை சென்னை வெப்பத்தில் இரண்டு நாளில் வற்றிவிடக்கூடும். காலையும் மாலையும் மட்டத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். சிறு குப்பிகளை மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மட்டம் பாருங்கள். பெயர்ச்சீட்டு வெறுமையாகியிருந்தால் அது பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டது. ஆல்கஹால் அந்த மையைக் கரைத்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதி, குப்பியின் உள்ளேயே இட வேண்டும். நாள், இடம், மரம், சருகின் பரப்பளவு, பிரித்தெடுத்த கருவி, எத்தனை மணி நேரம், எடுத்தவர் பெயர் ஆகிய ஏழும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.